மெயின் பைப்ப யாரும் தொடல

அதத்தான் சார் நானும் கேக்கறேன்! ஒரு பேச்சுக்கு வெச்சுக்குங்க, ரோட்டுக்கு அடியில மெயின் பைப்பு உடைஞ்சு கெடக்கு. நீங்க ஆளுங்களக் கூட்டிட்டு வந்து கடைசி வீட்டுக் குழாயத் திருகித் திருகிப் பாத்துட்டு இருக்கீங்க. இது என்ன வேலை? மொதல்ல எத அடைக்கணும்? மெயின. தெருவுல போற யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. இந்த ஆஸ்பத்திரியில செவுரு முழுக்க சர்ட்டிபிகேட்டு மாட்டி வெச்சிருக்காங்க, ஒருத்தருக்கும் இது தோணல.

உக்காருங்க, உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படி என் பக்கத்துல வாங்க. உங்க வீட்டம்மா தூங்கிட்டாங்களா? தூங்கட்டும். மொத தடவைதானே? அவங்க கையப் பாத்தாலே தெரியுதே, பழைய ஊசித் தடம் ஒன்னுகூட இல்ல. வாந்தி வராம இருக்க முன்னாடி ஒரு ஊசி போடறாங்கல்ல, அது ஆள அப்படியே சாச்சுடும். என்னைத் தவிர. எனக்குப் போட்டா வாய் தெறந்துக்குது. சிஸ்டரே சொல்லுது, "சார், உங்களுக்கு மட்டும் மருந்து நேரா நாக்குக்குப் போகுது"ன்னு. கிண்டல் பண்ணுது. பண்ணட்டும்.

என்ன கேட்டீங்க? எனக்கு எங்கயா... கீழ சார். கீழன்னா... கொஞ்சம் கிட்ட வாங்க, அந்தப் பக்கம் பொம்பளைங்க உக்காந்திருக்காங்க. மலக்குடல். ம். இந்த வார்த்தைய வாயத் தெறந்து சொல்றதுக்கே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. சொந்தக்காரங்க யாரு கேட்டாலும் "வயித்துல"ன்னு சொல்லிடுவேன். வயிறு ஒரு கௌரவமான எடம், இல்லையா? வயித்துல வந்திருக்குன்னா அய்யோ பாவம்னுவாங்க. மலக்குடல்னு சொல்லிப் பாருங்க, ஒரு நிமிஷம் எங்க பாக்கறதுன்னு தெரியாம மேல பாப்பாங்க. ஆனா எனக்கு ஒரு மச்சான் இருக்கார், சம்சாரத்தோட அண்ணன். அவர் எல்லாருக்கும் போன் போட்டு, "மாப்ளைக்குக் கொடல்ல வந்திருக்கு, கடைசி ஸ்டாப்புல"ன்னு சொல்லி வெச்சிருக்கார். கடைசி ஸ்டாப்பாம்! என் வயித்துல பஸ்ஸா ஓடுது?

சரி, வந்துச்சா, வந்தது ஒழுங்கா அங்கயே இருக்கலாம்ல? இல்ல. மேல ஈரலுக்குப் போய், அங்க நாலஞ்சு குட்டியப் போட்டு வெச்சிருக்கு. அப்பன் கீழ் வீட்டுல, புள்ளைங்க மாடியில தனிக்குடித்தனம். ஸ்கேன்ல காட்டுனாங்க. கறுப்பு ஈரல்ல வெள்ளை வெள்ளையா... நான் கோலத்துக்குப் புள்ளி வெச்ச வாசல் மாதிரி இருக்குன்னேன். டாக்டர் சிரிக்கல.

அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாடி ஒரு ரூம் தெரியுதா? வாரத்துல ஒரு நாள் எல்லா டாக்டரும் அதுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்குவாங்க. மருந்து குடுக்கற டாக்டரு, கத்தி வெக்கற டாக்டரு, கரண்ட்டு வெக்கற டாக்டரு, அதான் ரேடியேஷன் குடுக்கறவரு, எல்லாரும். ஒவ்வொருத்தர் படமா போட்டு, இவர என்ன பண்ணலாம், அவர என்ன பண்ணலாம்னு பேசுவாங்களாம். என் படத்தையும் போட்டாங்க. நான் இதே நாற்காலியில உக்காந்து கதவையே பாத்துட்டு இருக்கேன். உள்ள சிரிப்புச் சத்தம் கேக்குது சார்! என் கொடலப் பாத்துச் சிரிக்கறதுக்கு என்ன இருக்கு? எனக்குக் கோவமான கோவம். அப்பறம்தான் தெரிஞ்சுது, யாரோ ஒருத்தர் டீய மேல கொட்டிக்கிட்டாராம்.

வெளிய வந்து மருந்து டாக்டர் சொல்றார், "கீழ இருக்கறத இப்போதைக்குத் தொட வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம். மருந்துலயே தொடர்ந்து போவோம்." "என்ன டாக்டர், எல்லாக் கூத்துக்கும் காரணமே கீழ இருக்கறவன்தானே? அப்பன விட்டுட்டுப் புள்ளைங்களப் போய் அடிக்கறீங்களே"ன்னு கேட்டேன். அவரு பொறுமையான மனுஷன், குத்தம் சொல்லக் கூடாது. ஒரு பேப்பர எடுத்துப் படம் போட்டுக் காட்டறார். மருந்து ரத்தத்துல போகுது, ரத்தம் எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் போகுது, ஈரலுக்கும் போகும், கீழயும் போகும், ரெண்டையும் சேத்தே சுருக்கும். இப்ப உயிருக்கு ஆபத்து ஈரல்ல இருக்கறதுதான். கீழ கத்தி வெச்சா புண்ணு ஆறவே வாரக்கணக்காகும், அதுவரைக்கும் மருந்த நிறுத்தி வெக்கணும், அந்த நேரத்துல மேல இருக்கறது ஜோரா வளந்துடும். தொந்தரவு பண்ணாம இருக்கறத வெட்டி எடுக்கறதால ஆயுசு கூடும்னு சொல்ல முடியாது. மருந்துக்கு நல்லா சுருங்கி வந்தா, அப்பறம் மேலயும் கீழயும் சேத்து எடுக்க முடியுமான்னு பாப்போம்... இப்படிப் போகுது.

நல்லாத்தான் சொன்னார் சார். அவரு எதுக்க உக்காந்து கேக்கும்போது எனக்கும் சரின்னுதான் படுது. வீட்டுக்குப் போய்ச் செருப்பக் கழட்டும்போது சரியில்லன்னு படுது.

மச்சான் வேற. "வெட்டி எறியச் சொல்லு மாப்ள! ஆஸ்பத்திரிய மாத்து மாப்ள! நானா இருந்தா டேபிள் மேல ஏறிப் படுத்துக்குவேன்"ன்னு போன்ல வீரம் பேசறார். சொத்தப் பல்லப் புடுங்கப் பயந்துக்கிட்டு ரெண்டு வருஷமா ஒரு பக்கமா மென்னுட்டு இருக்கற ஆளு சார் அவரு! அவரு என்னைய வெட்டிக்கச் சொல்றார்.

ஆனா ஒன்னு சொல்லட்டுமா? எனக்கு எரியறது எதுல தெரியுமா? அந்த "தொந்தரவு பண்ணாத வரைக்கும்". எல்லாரும் இதையே சொல்றாங்க. கத்தி டாக்டர்கிட்டப் போனேன். அவரு கையக் கழுவிட்டே சொல்றார், "தொந்தரவு இல்லாத எடத்துல நான் ஏன் கை வெக்கணும்?" கரண்ட்டு டாக்டரும் அதேதான். எல்லாரும் ஒரே பாட்டு. தொந்தரவு இல்ல, தொந்தரவு இல்ல. இவங்களா பாத்துக் கண்டுபுடிக்க மாட்டாங்களா? அப்பறம் எதுக்கு அவ்வளவு பெரிய மிஷினு? ஆள உள்ள தள்ளி, மூச்ச இழு, மூச்ச விடு, மூச்ச நிறுத்துன்னு ஒரு பொம்பளக் கொரல் வெரட்டிட்டே இருக்கும். அதுக்குள்ள போய்ட்டு வந்தும் ஒரு மனுஷனுக்குத் தொந்தரவு இருக்கா இல்லையான்னு தெரியலன்னா என்ன சார்?

என்னைப் பாத்தா எரிச்சல்காரன்னு நெனைக்காதீங்க. நான் வாழ்க்கையில ஒரு எடத்துலயும் புகார் குடுத்தவன் இல்ல. சத்தியமா. குடிதண்ணி ஆபீஸ்ல, புகார் ஜன்னல்ல உக்காந்து ரிட்டயர் ஆனவன் நான். கம்பி போட்ட ஜன்னலு, வாய் உயரத்துக்கு ஒரு ஓட்ட. வர்றவங்க குனிஞ்சு அந்த ஓட்டையில வாய வெச்சுப் பேசணும். அதனால மொகமே தெரியாது எனக்கு, வாய் மட்டும்தான் தெரியும். வாழ்க்க பூரா வாயாப் பாத்தேன் சார். பல்லு இருக்கற வாயி, இல்லாத வாயி, புகையில வாயி, லிப்ஸ்டிக் வாயி. எல்லாம் என்னத் திட்டற வாயி! ஒருத்தர் பாட்டில்ல கலங்கத் தண்ணி புடிச்சுட்டு வந்து, "நீ குடி பாக்கலாம், ஒரு மொடக்கு குடி"ன்னு ஓட்ட வழியா நீட்டுவார். ஒரு அம்மா வந்தா மாமியார் கதையிலேர்ந்து எல்லாம் சொல்லும், வீட்டு அட்ரஸ மட்டும் சொல்லாது. அப்பவே முடிவு பண்ணிட்டேன், நம்ம ஜென்மத்துல இன்னொருத்தன் ஜன்னல்ல போய்க் குனியக் கூடாதுன்னு. ஓட்டல்ல டீ ஆறிப் போய் வந்தாக்கூட நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். குடிச்சுட்டு வந்துடுவேன். வீட்டுக்கு வந்து சம்சாரத்துகிட்ட சொல்லுவேன், நல்லா ஒரு மணி நேரம் சொல்லுவேன். கடைக்காரன்கிட்ட சொல்ல மாட்டேன்.

சிரிக்காதீங்க. உங்க வீட்டம்மாவக் கேட்டா தெரியும் உங்க லட்சணம்.

அய்யய்யோ, அந்தத் தண்ணி பாட்டில எடுக்காதீங்க, ஜில்லுன்னு இருக்கும். உங்க வீட்டம்மாவுக்கும் இந்த மருந்துதானே போகுது? அப்ப ஜில்லுன்னு எதையும் தொட விடாதீங்க. எனக்குப் பிரிட்ஜ் கதவத் தொட்டாலே விரல் நுனியில ஷாக் அடிக்குது. மொத தடவை தெரியாம ஐஸ் தண்ணி குடிச்சுட்டேன், தொண்டையில யாரோ குண்டூசியக் கொட்டுன மாதிரி ஆயிடுச்சு. இப்ப எங்க வீட்டுல எனக்கு எல்லாம் வெதுவெதுன்னுதான். தண்ணி வெதுவெது, பால் வெதுவெது. மச்சான்தான் கேட்டார், "மாப்ள, தங்கச்சி கோவமும் வெதுவெதுன்னு ஆயிடுச்சா?"ன்னு. ஆகல. அது எப்பவும் போலக் கொதிச்சுட்டுத்தான் இருக்கு.

சம்சாரம் கீழ பார்மசி க்யூவுல நிக்கறாங்க, இப்ப வந்துடுவாங்க. அதுக்குள்ள பேசிக்கறேன். வந்தாங்கன்னா நான் வாயே தெறக்க மாட்டேன்... பாருங்க, இப்பவே நம்பாம பாக்கறீங்க.

ஆனா சமீபத்துல எம்மேல ரொம்பப் பிரியம். ஏன்னு கேளுங்க. நான் துணி தொவைக்கறேன் சார்! ஆமா, நானேதான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு கைக்குட்டை அலசுனது கெடையாது. இப்ப காலையில அவங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே பாத்ரூம்ல என் துணிய நானே தொவச்சு, நானே புழிஞ்சு, நானே காயப் போட்டுடறேன். அவங்க போன் போட்டு அண்ணன்கிட்ட பெருமை பேசறாங்க. "நோவு வந்தாலும் வந்துச்சு, இவருக்குப் புத்தி வந்துடுச்சு"ன்னு. மச்சான் சம்சாரம் மச்சானப் புடிச்சுக்கிட்டாங்க, நீயும் தொவைன்னு. அவரு எனக்குப் போன் போட்டு, "ஏன் மாப்ள, உனக்கு நோவு, எனக்கு ஏன் தண்டன?"ன்னு அழாத குறை. ஹ... ஹ... அம்மா... சிரிச்சா வயிறு இழுக்குது.

எதுக்கா? எதுக்குத் தொவைக்கறேன்னா... இதென்ன சார் கேள்வி, கறையோட போட முடியுமா? பாத்தா பயந்துடுவாங்க. நானும் இப்பல்லாம் கறுப்பு பேன்ட்டு மட்டும்தான் போடறது. பாருங்க, இதுகூடக் கறுப்பு.

...

என்ன கறைன்னு கேக்கறீங்க.

கொழம்புக் கறைன்னு சொன்னா நம்புவீங்களா? நம்ப மாட்டீங்க. வாயே பேசாத ஆளுக்குக் காது மட்டும் நல்லா கேக்கும். சரி. ரத்தம்தான். கொஞ்சம்தான் சார். அதாவது... மொதல்ல கொஞ்சம்தான் வந்துச்சு. இப்ப உக்காந்து எழுந்தா ஒரு தடவைக்கு... சரி, விடுங்க, சாப்பிடற நேரம். இந்த வட்டத் தலகாணி பாத்தீங்கல்ல, நடுவுல ஓட்ட போட்டது? இடுப்பு வலின்னு சொல்லி வாங்குனேன். இடுப்புல ஒன்னும் இல்ல.

டாக்டர்கிட்ட சொன்னேனாவா?

அதான் எல்லா டாக்டர்கிட்டயும் போனேன்னு சொன்னேனே.

இல்ல... போனேன். இத... இதச் சொன்னேனான்னா... நேரா சொல்லல. சுத்தி வளைச்சு சொன்னேன். அதையும் கேளுங்க, சிரிச்சுடாதீங்க. ஒரு நாள் மருந்து டாக்டர் தனியா இருந்தார். நான், "டாக்டர், என் சிநேகிதன் ஒருத்தன், அவனுக்கும் இதே நோவுதான், ஈரலுக்கும் போயிடுச்சு. ஆனா அவனுக்குக் கீழ ரத்தம் போகுது, வலி, உக்கார முடியல. அவன் மாதிரி ஆளுங்களுக்கு என்ன பண்ணுவீங்க?"ன்னு பேச்சுவாக்குல கேட்டேன். அவரு பேனாவக் கீழ வெச்சுட்டார். "அது வேற விஷயமாச்சே. அவர ஏன் இன்னும் கூட்டிட்டு வரல? தொந்தரவு குடுக்குதுன்னா கீழ இருக்கறதக் கவனிச்சே ஆகணும். ரத்தத்துக்கும் வலிக்கும் ஒரு வாரம் கரண்ட்டு வெச்சாக்கூட நல்லா கேக்கும். கொடல் அடைக்கற மாதிரி இருந்தா வயித்துல வழி வெச்சு விடணும், இல்ல ஆபரேஷன். எது சரிப்படும்னு அவரப் பாத்துத்தான் சொல்ல முடியும். உடனே வரச் சொல்லுங்க"ன்னார்.

அதுலேர்ந்து ஒவ்வொரு தடவையும் மொதக் கேள்வி, "உங்க சிநேகிதர் வந்தாரா?" நான், ஊர்ல இல்ல டாக்டர். அடுத்த தடவை, மக வீட்டுக்குப் போயிருக்கான் டாக்டர். அதுக்கடுத்து, அவன் ஒரு மாதிரி டாக்டர், சொன்னாக் கேக்க மாட்டான். போன தடவை அவரு என்னைய ஒரு பார்வ பாத்து, "உங்க சிநேகிதர் உங்கள மாதிரியே இருப்பார் போல"ன்னார். எனக்கு வேத்து ஊத்திடுச்சு. எனக்குன்னு ஒரு சிநேகிதன் கெடையாது சார் இந்த ஜென்மத்துல, புகார் ஜன்னல்ல உக்காந்தவனுக்கு எவன் சிநேகிதன்? இல்லாத ஒருத்தன உண்டாக்கி, அவனுக்கு மகளையும் உண்டாக்கி, மகளுக்கு வீடும் கட்டிக் குடுத்துட்டேன்.

வாயத் தெறந்து சொல்றதுக்கு என்னவா? ஈசியா கேட்டுட்டீங்க!

ஒரு சின்ன டாக்டர் இருக்கு. எம் பொண்ணவிட ரெண்டு வயசு சின்னதா இருக்கும். அதுதான் ஒவ்வொரு தடவையும் உக்கார வெச்சு விசாரிக்கும். நல்ல பொண்ணு. ஆனா கேள்விய அப்படியே கேக்கும் சார், திரை இல்லாம. "அங்கிள், மோஷன்ல ரத்தம் வருதா? எவ்வளவு வருது? வலி இருக்கா? முக்கணுமா? மெல்லிசாப் போகுதா?" பக்கத்துல யாரு? என் சம்சாரம். என் கையப் புடிச்சுட்டு உக்காந்திருப்பாங்க. நீங்களே சொல்லுங்க...

ஒரு தடவை, சம்சாரத்தத் தண்ணி புடிச்சுட்டு வரச் சொல்லி வெளிய அனுப்புனேன், இன்னிக்குச் சொல்லிடுவோம்னு. அந்தப் பொண்ணு என்ன மரியாத பாருங்க, "ஆன்ட்டியும் வந்துடட்டும் அங்கிள்"னு சிரிச்ச மொகமா வாசலப் பாத்துட்டே உக்காந்திருக்கு! வந்தாங்க. கையப் புடிச்சாங்க. "ஒன்னும் இல்லம்மா, சூப்பரா இருக்கேன்"னேன். ரத்தப் பரிசோதனையில ரத்தம் கொறஞ்சு காட்டுது. அதையும் கேட்டுது. "நான் சரியா சாப்பிடறதில்லம்மா"ன்னு சொல்லிட்டேன். அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் கீரையாச் சமச்சுப் போட்டாங்க. தட்டுல ஒரே பச்ச. நானே போட்ட பொய்ய நானே மென்னு முழுங்குனேன்.

இல்ல சார், நீங்க அத அப்படிப் பாக்கக் கூடாது... நான் சொல்றேன், கேளுங்க.

மொத மொத, இந்த நோவுன்னே தெரியாதப்ப, ஒரு நாள் காலையில பாத்ரூம்ல நெறைய வந்துடுச்சு. நான் கத்திட்டேன். இவங்க ஓடி வந்து பாத்தாங்க. பாத்துட்டு அப்படியே ஈரத் தரையில உக்காந்துட்டாங்க. எழுந்திரிக்க முடியல. ரத்தம் போறது எனக்கு, நான் அவங்களத் தூக்கி நிறுத்தறேன். உதடு வெளுத்துப் போய், "நீங்க போயிட்டா நான் யாரத் திட்டுவேன்?"னாங்க. வேற ஒன்னும் சொல்லல. அதுக்கப்பறம் மருந்து ஆரம்பிச்சு கொஞ்ச நாள் ரத்தம் நின்னுச்சு. உண்மையாவே நின்னுச்சு சார். அப்ப அந்தப் பொண்ணு கேட்டப்ப, இல்லம்மான்னேன். அது பொய் இல்ல. நான் அப்படிச் சொன்னதும் இவங்க ஒரு மூச்சு விட்டாங்க பாருங்க, புடிச்சிருந்த கை அப்படியே லேசாச்சு. அந்த மூச்சுக்காகத்தான் அடுத்த தடவையும் இல்லன்னேன். அதுக்கடுத்த தடவையும். இப்ப எப்படித் திடீர்னு ஆமான்னு சொல்றது?

ம்... ம்... அந்த "தொந்தரவு இல்ல" யாரு சொன்னதா?

நான்தான் சொன்னேன். வேற யாரு சொல்லுவா. அந்த ரூமுக்குள்ள அவ்வளவு டாக்டரும் உக்காந்து என் வார்த்தைய வெச்சுத்தான் முடிவு பண்ணியிருக்காங்க. நான் போட்ட தப்புக் கணக்குக்கு அவங்க சரியா விடை எழுதியிருக்காங்க. அப்பறம் நானே, ஏன்யா மெயின விட்டுட்டன்னு அவங்களத் திட்டிட்டுத் திரியறேன். தெரியுது சார். நீங்க அப்படிப் பாக்க வேண்டாம். எனக்கே தெரியுது.

அதுவும் இல்லாம, அந்தப் பை. வயித்துல வழி வெச்சா மலம் அதுலதான் எறங்குமாம், வயித்துலயே ஒட்டிக்கணுமாமே. அதெல்லாம் பழகிடும்கறாங்க. அந்த ஓரத்துல உக்காந்திருக்கற தாத்தா வெச்சிருக்கார், சட்டையத் தூக்கிக் காட்டி, "இப்ப நான் எங்க வேணா கவலையில்லாமப் போறேன்"னு பீத்திக்கறார். எங்க போறார், இங்கதான் வர்றார்.

அதெல்லாம் பாத்துக்கலாம் சார், இப்ப ஒன்னும் அவசரம் இல்ல. இப்ப ரத்தம்கூடக் கொறஞ்சிருக்கு. ஏன்னா ஒன்னுமே போகலையே! ரெண்டு மூணு நாளா ஒன்னும் போகல. காத்துகூடப் பிரியல. மிச்சம் பாருங்க, தொவைக்கற வேலையும் இல்ல. வயிறுதான் மத்தளம் மாதிரி... தட்டிப் பாருங்க. பயப்படாமத் தட்டுங்க. கேக்குதா? பெல்ட்டுல கடைசி ஓட்டையும் பத்தல, அவுத்து பையில போட்டுட்டேன். நேத்து ராத்திரி குடிச்ச கஞ்சி இன்னும் நெஞ்சுலயே நிக்குது, எறங்க எடம் இல்லன்னு. காலையில ஒரு தடவை வாந்தி. மருந்து ஏறுறதுக்கு முன்னாடியே வாந்தி! நானா கண்டுபுடிச்ச சாதனை.

சார்? என்ன எழுந்துட்டீங்க?

பாத்ரூமா? எடது பக்கம். எடது சார். அது வலது. அது... அது சிஸ்டர் டேபிளு. உங்க வீட்டம்மா தூங்கறாங்களே, சிஸ்டர எதுக்குக் கூப்பிடறீங்க? சார்... சார்! இங்க வாங்க, ஒன்னு சொல்ல மறந்துட்டேன். சார்! நமக்குள்ள பேசுனது சார்! அட, என்னால எழுந்து வரவும் முடியல, மருந்து ஏத்தற பம்ப்ப சிஸ்டர் செவுத்து ப்ளக்குல சொருகி வெச்சிருக்கா... கைய வேற காட்டறார்! வயித்தத் தொட்டுக் காட்டறார்! சார், அது என் வயிறு, உங்க வயித்துல ஏன் காட்டறீங்க? அடப்பாவி மனுஷா...

என்ன சிஸ்டர், ஏன் ஓடி வர்ற? பம்ப்ப ஏன் நிறுத்தற? பாதிப் பாட்டில் இருக்கு. அவரு ஏதோ தூக்கக் கலக்கத்துல... யாருக்குப் போன் பண்ற? அந்த டாக்டர் பொண்ணுக்கா? வேணாம்மா, அது சாப்பிடப் போயிருக்கும், பாவம்...

வந்துடுச்சு. வாங்கம்மா. ஒன்னும் இல்லம்மா, நான் சூப்பரா... இல்ல, படுக்க வேண்டாம். சரி, படுக்கறேன். அம்மா! மெதுவா. அங்க இல்ல, ஆமா, அங்கதான்... சும்மா அழுத்தாதம்மா, வ... வலிக்குது.

நீ எப்ப வந்த? க்யூ பெருசா இருக்கும்னு நெனச்சேன். ஒன்னும் இல்ல, ஒன்னும் இல்ல, அந்தப் பையக் கீழ வெச்சுட்டு அந்தப் பக்கமாப் போய் உக்காரு. இல்ல... இரு. இரு, போகாத. கையக் குடு.

கேளும்மா. அந்தக் கேள்வியெல்லாம் இன்னொரு தடவை மொதல்லேர்ந்து கேளு.

ஆமா. வருது. ரெண்டு மாசமா. நெறைய. வலிக்குது, ராத்திரி படுக்க முடியல. போகல. காத்தும் போகல. ஆமா, காலையில வாந்தி. இல்ல, வேற ஒன்னும் இல்ல. இல்லம்மா, இப்ப நெசமாவே வேற ஒன்னும் இல்ல.

நீ ஏன்டி இப்படி நசுக்கற என் கைய? எழுந்து நிக்கறியே, அன்னிக்கு மாதிரி தரையில உக்காந்துடல? திட்டு. திட்டிடு. டாக்டர் பொண்ணு இருக்குதேன்னு பாக்காத. ...அய்யோ, சரி சரி, இவ்வளவு சத்தமா வேண்டாம், அந்தப் பக்கம் தூங்கறாங்க.

இப்பவேவா? படம் எடுத்துட்டு நேரா கத்தி டாக்டர்கிட்டயா? இன்னிக்கேவா? சரிம்மா. அவருதான் பாவம், தொந்தரவு இல்லாத எடத்துல கை வெக்க மாட்டேன்னாரு, இப்ப வெச்சுத்தான் ஆகணும். சக்கர நாற்காலியெல்லாம் எதுக்கு, நான் நடந்தே... சரி, உக்காந்துக்கறேன். மெதுவாத் தள்ளுங்க.

கொஞ்சம் நிறுத்துங்கப்பா. அந்த சார் பக்கத்துல ஒரு நிமிஷம் நிறுத்துங்க.

ஏன் சார், இவ்வளவு நேரமும் ஒன்னு ரெண்டு கேள்வியத் தவிர ம்கூட சரியாக் கொட்டல நீங்க. வாயே பேசாத மனுஷன்னு நம்பித்தானே சார் உங்ககிட்ட சொன்னேன்!